ஆணி, ஸ்போக்ஸ், ஸ்பிலிட் பின்: வீட்டில் செய்த தந்தி வாத்தியத்துக்கு எது மெட்டாகும், எது அடையாளமாகும்?

சுருட்டுப் பெட்டியை ஒலி பெருக்கும் குடமாகவும் ஒரு மரச்சட்டத்தைத் தந்தி ஓடும் தண்டியாகவும் கொண்டு மூன்று நான்கு தந்தி கட்டி வாத்தியம் செய்பவர்கள், மெட்டுக்கென்றே விற்கப்படும் கம்பியை வாங்காமல், கையில் அகப்படும் ஹார்டுவேர் சாமான்களைத் தண்டியில் பதித்துப் பார்ப்பது பழைய பழக்கம்தான். அப்படிப் பதிக்கப்படுகிற பொருள்களில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றைப் பற்றிய மதிப்புரை இது. இவற்றுள் பெரும்பாலானவை தரத்தில் குறைந்தவை அல்ல. தவறான வேலைக்கு அமர்த்தப்படுவதால்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன. தந்தியை அழுத்தும்போது அது உட்கார்ந்து நிற்க வேண்டிய மேடு ஒன்று; அதுதான் மெட்டு, ஆங்கிலத்தில் ஃப்ரெட். வாசிப்பவரின் கண்ணுக்கு இடம் காட்டுகிற அடையாளம் வேறொன்று. முன்னதற்கு உயரம், கடினம், நேர்மை மூன்றும் வேண்டும். பின்னதற்கு அவை எதுவும் வேண்டியதில்லை; சரியான இடத்தில் இருந்து, தந்தியின் வழியில் குறுக்கிடாமல், மங்கிய வெளிச்சத்திலும் தெரிந்தால் போதும்.

பொருள்களைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் இடம் பிசகினால் தங்கக் கம்பியைப் பதித்தாலும் பயனில்லை. தண்டியின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் மேருவிலிருந்து குடத்தின் மேல் அதைத் தாங்கும் குதிரை வரையுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது கிடைக்கும். 635 மில்லிமீட்டர் நீளத்துக்கு முதல் மெட்டு 35.6 மில்லிமீட்டரிலும், ஐந்தாவது 159.3-இலும், ஏழாவது 211.2-இலும், பன்னிரண்டாவது சரிபாதியான 317.5-இலும் வரும். கணக்கை இப்படிப் படிப்படியாகப் போட்டாலும் மரத்தில் குறிக்கும்போது எல்லா அளவுகளையும் மேருவிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் பென்சில் கோட்டின் தடிமன்கூடச் சேர்ந்து சேர்ந்து கடைசியில் காதுக்குத் தெரிகிற பிழையாகிவிடும். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த அளவு சென்ட் எனப்படுகிறது. இந்த நீளத்தில் முதல் மெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 3 சென்ட் பிசகும். பன்னிரண்டாவது அதே அளவு நகர்ந்தால் 5 சென்டுக்கு மேல் பிசகும். குதிரைப் பக்கம் போகப் போகத் தளர்வுக்கு இடமில்லை என்பது பொருளின் தடிமனைத் தேர்வு செய்யும்போதும் நினைவில் இருக்க வேண்டும்.

மெட்டாகப் பதிப்பவற்றில் என் முதல் மதிப்பெண் ஸ்பிலிட் பின்னுக்கு. காட்டர் பின் என்றும் இதைச் சொல்வார்கள். அச்சில் சக்கரமோ நட்டோ கழன்றுவிடாமல் துளையில் செருகி இரு காலையும் விரித்துவிடுகிறோமே, அதுதான். ஒன்றைக் கையில் எடுத்து இரு கால்களையும் சற்றே விலக்கிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அரைவட்டக் கம்பியை நடுவில் ஒரு கண் விட்டு மடித்து, தட்டையான முகங்கள் உட்புறமாக ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்திருப்பார்கள். கண்ணை ஆக்ஸா பிளேடால் அறுத்தெடுத்துவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. தட்டை முகம் மரத்தில் பசையோடு படிந்து உட்காரும்; வளைந்த முகம் தந்தியைத் தாங்கும். மெட்டுக்கென்றே தயாரிக்கப்படும் கம்பியின் தலைப்பகுதியும் ஏறக்குறைய இதே வடிவம்தான்; மரத்துக்குள் இறங்குகிற நாக்கு மட்டுமே இதில் இல்லை. ஆகவே மரத்தில் பள்ளம் வெட்ட வேண்டியதே இல்லை, கோட்டின் மேல் ஒட்டினால் வேலை முடிந்தது.

வாங்கும்போது அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பிலிட் பின்னின் பெயரளவு அது நுழையும் துளையின் விட்டத்தைக் குறிக்கிறதே தவிர, பின்னின் சொந்தத் தடிமனை அல்ல. 3.2 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் பின் உண்மையில் 2.7 முதல் 2.9 வரைதான் இருக்கும். அதன் ஒரு கால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். கிட்டாரின் பருத்த மெட்டுக் கம்பிகளின் உயரம் இது. தந்தியை மரம் வரை அழுத்தாமலே சுரம் தெளிவாக வரும். உயரம் அதிகம் என்று தோன்றினால் ஓர் அளவு குறைத்து வாங்கலாம். குறை என்று சொன்னால், முலாம் பூசிய சாதாரண எஃகுப் பின்களில் விளிம்பு சில சமயம் பிசிறடித்திருக்கும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவற்றிலும் உயரம் மயிரிழை வேறுபடும். எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு, நேரான ஒரு பலகைத் துண்டில் உப்புத்தாளை ஒட்டி மெட்டுகளின் மேல் நீளவாக்கில் தேய்த்துச் சமன் செய்யாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. பித்தளைப் பின் பார்க்க அழகாக இருக்கும். எஃகுத் தந்தி அதில் நாளடைவில் குழி போட்டுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

இரண்டாம் இடம் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிக்கு. கடினத்தை மட்டும் பார்த்தால் முதலிடமே தரலாம். துருப்பிடிக்காத எஃகில் செய்த ஸ்போக்ஸில் எஃகுத் தந்தி பல காலம் உரசினாலும் தடம் பதிவதில்லை, வியர்வை பட்டாலும் கறுப்பதில்லை. பரவலாகக் கிடைக்கும் 14 கேஜ் கம்பி 2 மில்லிமீட்டர் விட்டம் உடையது. வளைந்த முனையையும் மரை வெட்டிய முனையையும் கழித்த பிறகும் ஒரு கம்பியில் ஐந்தாறு மெட்டுகள் தேறும். ஆனால் இது முழு வட்டக் கம்பி என்பதால் மரத்தின் மேல் ஒரு கோடாக மட்டுமே தொட்டு நிற்கிறது. பள்ளம் இல்லாமல் வெறும் பசையை நம்பி ஒட்டினால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பவரின் கையில் என்றாவது ஒரு நாள் பெயர்ந்து வரும். முக்கோண அரத்தால் கோட்டின் மேல் ஆழமில்லாத பள்ளம் கீறி, கம்பியின் பாதி உடல் அதில் இறங்கும்படி செய்து, பிறகு எபாக்ஸிப் பசை வைத்தால் 1 மில்லிமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கிறது. அரம் கோட்டை விட்டு விலகாமலிருக்க, இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கவ்வியால் இறுக்கி அதன் விளிம்பையொட்டியே முதல் கீறலைப் போட வேண்டும்.

ஸ்போக்ஸில் ஏமாறுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பழைய சக்கரத்திலிருந்து கழற்றியவை, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்ட இடத்தில் மெலிதாக வளைந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைந்த துண்டு துள்ளித் துள்ளி ஓடுவதிலிருந்து தெரிந்துவிடும். மற்றொன்று இதைவிட மறைவானது. எடை குறைப்பதற்காக நடுப்பகுதியை மெலிவித்த ஸ்போக்ஸ்கள் உண்டு. முனைகளில் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8-உமாக இருக்கும். முனைத் துண்டையும் நடுத்துண்டையும் கலந்து பதித்தால், தாழ்ந்த மெட்டில் அழுத்திய தந்தி அடுத்திருக்கும் உயர்ந்த மெட்டில் உரசிக் கரகரக்கும். மெட்டு வாத்தியத்தில் கரகரப்புக்கான காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்: அழுத்திய மெட்டைவிட அடுத்தது உயர்ந்திருக்கிறது. மூன்று மெட்டுகளின் மேல் மட்டும் படிகிற அளவுக்குச் சிறிய நேர்ப்பட்டை ஒன்றை வைத்து ஆட்டிப் பார்த்தால், நடுவிலிருப்பது உயரமாக இருக்கும் இடத்தில் பட்டை தடதடவென்று ஆடும். அங்கே தேய்த்தால் போதும். மேருவின் இடத்திலும் அதே கம்பியின் ஒரு துண்டையே பூஜ்ய மெட்டாக வைத்துவிட்டால், திறந்த தந்தியின் உயரமும் மெட்டுகளின் உயரமும் தாமாகவே ஒத்துப்போகின்றன. ஸ்போக்ஸை வெட்ட மலிவான கட்டிங் பிளேயரை எடுக்க வேண்டாம், அதன் வாயில் பள்ளம் விழுந்துவிடும். எதைக் கொண்டு வெட்டினாலும் துண்டு தெறித்துப் பறக்குமாதலால் கண்ணுக்குக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

ஹேர்பின்னை நான் முதலில் அலட்சியமாகத்தான் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைக்கிறது. அதன் ஒரு கால் நெளிநெளியாகவும் மற்றது நேராகவும் இருக்கும். நேரான காலை மட்டும் பயன்படுத்த வேண்டும். சுருள்வில் போன்ற விறைப்புள்ள எஃகு என்பதால் தேய்மானம் குறைவு. மேலே பூசியிருக்கும் கறுப்பு வண்ணத்தை உப்புத்தாளால் சுரண்டி எடுக்காவிட்டால் பசை வண்ணத்தைப் பிடிக்குமே அன்றி உலோகத்தைப் பிடிக்காது. முனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழையும் வெட்டிவிட வேண்டும். உயரம் குறைவாதலால் குதிரையையும் மேருவையும் தாழ்த்திக் கட்டிய சிறு வாத்தியங்களுக்குப் பொருந்துகிறது. தந்தி உயரமாக நிற்கும் வாத்தியத்தில் விரல் மரத்தில் முட்டிக்கொண்டு சுரம் மழுங்கும்.

தலையை வெட்டிய கம்பி ஆணி எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எனக்கு இதில் திருப்தியில்லை. ஆணித் தலைக்குச் சற்றுக் கீழே, மரத்தைப் பற்றுவதற்காகச் சில வெட்டுக் கோடுகள் இருக்கும், மறுமுனை கூராக்கப்பட்டிருக்கும், இரண்டையும் கழித்த பிறகு எஞ்சும் வழுவழுப்பான உடல் தண்டியின் அகலத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் நீள ஆணி வாங்க வேண்டும், நீள ஆணியோ தடித்துவிடுகிறது. தடித்த மெட்டில் தந்தி மரத்திலிருந்து வெகு உயரத்தில் நிற்பதால், சற்று அழுத்தி வாசித்தாலே தந்தி கீழே வளைந்து சுருதி ஏறிவிடும். முலாம் இல்லாத இரும்பாணி துருவும் பிடிக்கும். துத்தநாக முலாமோ மென்மையானதால் தந்தியின் உரசலில் தேய்ந்து விரலில் சாம்பல் நிறக் கறையாக ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டேப்ளர் முள்ளைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் மடியில் வைத்து வாசிக்கப்படும் டல்சிமர் என்ற வாத்தியத்தில், கம்பியை முள்போல் இருபுறமும் மடித்து, இராகம் வாசிக்கும் தந்தியின் அடியில் மட்டும் அறைந்துவைப்பதே பழைய முறையாக இருந்தது. மற்றத் தந்திகள் திறந்தபடியே சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும். எனவே வடிவத்தில் குறையில்லை, தடிமனில்தான் குறை. 26/6 என்ற அலுவலக முள்ளின் கம்பி அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அது தந்தியைத் தாங்குகிற மேடாகாது. ஆனால் ஸ்லைடு என்ற கண்ணாடிக் குழாயைத் தந்தியின் மேல் வைத்து வாசிக்கும் மெட்டில்லாத தண்டியில் கோடு காட்டுவதற்கு இதைவிட மெலிதான, நேரான, மலிவான பொருள் எதையும் நான் பார்க்கவில்லை. மெட்டாகவே வேண்டுமென்றால் தடித்த கம்பியைக் குறட்டால் மடித்து, காலுக்கு முன்துளை இட்டு இறக்க வேண்டும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்பார்கள். நிமிர்த்திய கம்பி ஒருபோதும் முழுக்க நேராவதில்லை என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.

கேபிள் டை ஒரு விதத்தில் இந்தக் கூட்டத்திலேயே புத்திசாலியான பொருள். வயோல், லூட் போன்ற பழைய ஐரோப்பிய வாத்தியங்களில் நரம்பைத் தண்டியைச் சுற்றிக் கட்டி நகர்த்தக்கூடிய மெட்டாக வைத்திருப்பதைப் போல, இதையும் சுற்றி இறுக்கிவிட்டு முன்னும் பின்னும் தள்ளிச் சுருதியைக் காதால் சரிபார்க்கலாம். நைலான் தந்தி என்றால் அப்படியே விட்டுவிடலாம். எஃகுத் தந்தி அதை அறுத்துக்கொண்டே போகும், ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். பட்டையின் மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் தந்தி அதன் குதிரைப் பக்க விளிம்பில்தான் நிற்கிறது; பிறகு நிரந்தர மெட்டு பதிக்க இடம் குறிக்கும்போது பட்டையின் நடுவை அல்லாமல் அந்த விளிம்பையே குறித்துக்கொள்ள வேண்டும். பூட்டுத் தலையைத் தண்டியின் பக்கவாட்டில், கட்டைவிரல் படாத இடமாகப் பார்த்து நிறுத்துவது அவசியம். பல்குச்சியை மெட்டாக ஒட்டுவதும் நைலான் தந்திக்கு மட்டும்தான்.

இனி அடையாளங்கள். இவற்றில் பொருளைவிட இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிட்டாரில் 3, 5, 7, 9, 12 ஆகிய இடங்களில் வைக்கப்படும் புள்ளி மெட்டின் மேல் இருப்பதில்லை. அந்த மெட்டுக்கும் அதற்கு முந்தைய மெட்டுக்கும் நடுவே, விரல் அழுத்தும் வெளியில் இருக்கிறது. மெட்டில்லாத தண்டியில் ஸ்லைடு வைத்து வாசிப்பவருக்கோ விரல் வெளி என்று ஒன்று கிடையாது. சுரம் பிறக்கும் கோட்டின் நேர்மேலேயே கண்ணாடிக் குழாயை நிறுத்தியாக வேண்டும். ஆகவே அங்கே அடையாளமும் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும், கிட்டாரைப் பார்த்து நடுவெளியில் புள்ளி வைத்தால் வாசிக்கும் ஒவ்வொரு சுரமும் கீழிறங்கும். அந்த அடையாளம் மெலிதாகவும் இருக்க வேண்டும்: பன்னிரண்டாம் இடத்தில் 3 மில்லிமீட்டர் அகலமான பட்டையை ஒட்டினால் அதன் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே 8 சென்ட் வித்தியாசம் இருக்கிறது. யுக்குலேலேயும் பாஞ்சோவும் பழகியவர்களின் கண் ஒன்பதாவதற்குப் பதிலாகப் பத்தாம் இடத்தில் புள்ளியைத் தேடும் என்பதையும், வாத்தியத்தை யாருக்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, யோசித்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டு அடையாளத்துக்குச் சிறிய பித்தளை ஆணியை மிஞ்ச எதுவுமில்லை. வாசிப்பவரை நோக்கியிருக்கும் தண்டியின் விளிம்பில், ஆணியைவிட மெலிதான முன்துளை இட்டு, சோப்பில் ஒருமுறை தேய்த்துச் செருகி, தலையை அரத்தால் மரத்தோடு மட்டமாக்கினால் ஒரு மின்னும் புள்ளி மட்டுமே எஞ்சும். முன்துளை இடாமல் சுத்தியலால் அறைந்தால் மெலிந்த தண்டி நார்வாக்கில் பிளக்கும். நாற்காலி மெத்தைத் துணியை இறுக்க அடிக்கும் குமிழ் ஆணி பார்வைக்கு எடுப்பானது. ஆனால் அதன் தலை மூன்று நான்கு மில்லிமீட்டர் எழும்பி நிற்பதால் தண்டியின் முகத்தில் அடித்தால் தந்தி அதில் தட்டும், பக்கவாட்டில் அடித்தால் கை சறுக்கும் வழியில் முட்டும். குடத்தின் மேல் அலங்காரமாக அடிக்க நல்லது. தட்டைத் தலை டிராயிங் பின் ஓரளவு தேவலாம், எனினும் ஈரப்பதத்தில் மரம் சுருங்கி விரியும்போது மெல்லக் கிளம்பி வந்துவிடுகிறது.

முகத்தில் புள்ளி வைக்க விரும்புபவர்களுக்கு வாஷர் நல்ல தேர்வு. எம்3 அளவு வாஷர் 7 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உடையது. மரத்தில் அதே ஆழத்துக்குக் கிண்ணம்போல் குடைந்து எபாக்ஸியோடு இறக்கி, நடுத்துளையையும் எபாக்ஸியில் கரித்தூள் கலந்து நிரப்பினால், உலோக வளையத்துக்குள் கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் அமைகிறது. அலுமினிய ரிவெட்டின் நடு ஆணியைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, மீந்த தலையைத் துளையில் செருகியும் வளையப் புள்ளி பெறலாம். விரலுக்கு உறுத்துமளவு தலை எழும்பியிருப்பதால் பக்கவாட்டில் வேண்டாம். தீர்ந்துபோன பேனாவின் பித்தளை ரீஃபிலைத் துண்டுகளாக அறுத்தும் சிறு வளையங்கள் செய்யலாம் என்றாலும், உள்ளே ஒட்டியிருக்கும் மை முழுக்கப் போகாவிட்டால் வெளிர்நிற மரத்தில் நீலம் ஊறிப் படர்ந்துவிடும்.

பொத்தானுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் தந்தையுடன் சேர்ந்து 1963-இல் செய்யத் தொடங்கிய, பின்னர் ரெட் ஸ்பெஷல் என்று உலகம் அறிந்த கிட்டாரில் தண்டி பழைய கணப்பின் மரச்சட்டத்திலிருந்து வந்தது. அதன் மேலுள்ள அடையாளப் புள்ளிகள் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களைத் தேய்த்துச் செய்தவை. சிப்பிப் பொத்தான் தண்டியில் பதிந்ததும் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறுவது பிளாஸ்டிக் பொத்தானில் கிடைக்காத அழகு. தேய்க்கும்போது எழும் சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும்.

எதைப் பதித்தாலும் பசையைத் தேர்வதில் கவனம் வேண்டும். தட்டை முகமுள்ள ஸ்பிலிட் பின்னுக்கு சூப்பர் குளூ போதும். பள்ளத்தில் இறங்கும் ஸ்போக்ஸுக்கு இடைவெளியை நிரப்பக்கூடிய எபாக்ஸியே சரி. இரண்டுக்கும் முன்னால் உலோகத்தின் அடியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். ஓரங்களை அரத்தால் சாய்வாகச் சீவிவிடாவிட்டால் கை சறுக்கும்போது தோலைக் கீறும். ஒட்டிய மெட்டை நகர்த்த வேண்டி வந்தாலும் கலங்க வேண்டியதில்லை. வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில் பதிந்திருப்பதால் சூடு காட்டி இளக்கி நகர்த்த முடிகிறது. சூப்பர் குளூவும் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். சால்டரிங் அயர்னின் நுனியை மெட்டின் மேல் ஓரிடத்தில் வைத்துப் பிடித்து, வெப்பம் முழுவதும் பரவிய பின் மெல்லிய கத்தி முனையை ஒரு ஓரத்தில் கொடுத்து நெம்பினால், மரம் பிய்யாமல் கழன்று வருகிறது. பசை எரியும் புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். துத்தநாக முலாம் பூசிய பின்னாக இருந்தால் நெருப்பை நேரடியாகக் காட்டவே கூடாது.